சால்வை கலையாகும், முறம் சாதியாகும்

‘தலித் பத்திரிகையில காஷ்மீர் சால்வைக்கு என்ன தோழர் வேலை?’ இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பணக்காரன் தோளில் கிடக்கிற துணி, மேடையில் தலைவர்களுக்குப் போர்த்துகிற துணி. நமக்கும் அதுக்கும் என்ன ஒட்டு உறவு? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரத்தில் காஷ்மீரிகள் நடத்தும் கடைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரப் பயணிகளை நம்பி வந்தவர்கள். போன வருசம் மழைக்கு ஒதுங்கி அப்படி ஒரு கடையில் நிற்கும்படி ஆனது. வாங்க வக்கில்லாதவன் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும், ஆனாலும் கடைப்பையன் சலிக்காமல் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினான். ‘ஹேண்ட்மேட் சார், நூறு வருச பாரம்பரியம்’ என்று பாடம் ஒப்பித்தான். யார் நூற்றது என்று கேட்டேன். அவன் அம்மா நூற்கிறவராம். ‘தங்கச்சி?’ என்றதும் பாடத்தை விட்டுவிட்டு சாதாரணமாகப் பேசினான்: ‘இல்ல சார், அது காலேஜ். அதை ராட்டைல உக்கார வைக்க மாட்டோம்.’

பாரம்பரியத்தை விற்கிறவனே தன் தங்கையை அந்தப் பாரம்பரியத்தில் உட்கார வைக்க மாட்டேன் என்கிறான். ஏன் என்று தேடிப் படித்தபோது கிடைத்தவைதான் இங்கே.

முதலில் வேலையைத் தெரிந்துகொள்வோம். பஷ்மினா என்கிறோமே, அந்த மயிர் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கிடைப்பதல்ல. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா என்கிற மேய்ச்சல் மக்கள் வளர்க்கும் ஆடுகளுக்கு, குளிரைத் தாங்க வெளிமயிருக்கு அடியில் மென்மயிர் வளர்கிறது. குளிர்காலம் முடியும்போது அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான். நம் தலைமயிரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அது ஸ்ரீநகருக்கு வந்து, அழுக்கும் முரட்டு மயிரும் நீக்கப்பட்டு, அரிசிமாவில் புரட்டப்பட்டு, வீட்டு ராட்டைக்குப் போகிறது. ராட்டையில் உட்கார்ந்திருப்பது பெண். எந்தக் கடையிலும் எந்தப் படத்திலும் தாடி வைத்த நெசவாளியைத்தான் காட்டுவார்கள். நூற்கிறவளை அதிகம் காட்டமாட்டார்கள். அவளுக்குக் கூலி முடிச்சுக் கணக்கில். பத்து இழை சேர்ந்தது ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய். இந்த ஒரு ரூபாய் வருசக்கணக்காக நகராமல் கிடந்தது. அரிசி விலை ஏறியது, சால்வை விலை ஏறியது, முடிச்சு விலை மட்டும் ஏறவில்லை. நாள் முழுக்கக் கண்ணைக் குத்திக்கொண்டு நூற்றாலும் நூறு ரூபாய் தேறுவது கஷ்டம் என்றால் எவள்தான் உட்காருவாள்?

பிறகு சாயம் போடுகிறவர், பாவு ஓட்டுகிறவர், கோலம் வரைகிற நக்காஷ், நெய்கிற ஷால்பாஃப், கிழிசலையும் ஒட்டையும் தெரியாமல் இணைக்கிற ரஃபுகர், ஆற்றில் அலசுகிறவர் என்று ஒரு துணிக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது. கானி சால்வை என்கிற வகைக்கு ஓடம் கிடையாது. சிறுசிறு மரக்குச்சிகளில் வண்ண நூல் சுற்றி, ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகக் கோர்த்து நெய்ய வேண்டும். அந்தக் குச்சிக்குத்தான் கானி என்று பெயர். கானிஹாமா என்று ஓர் ஊரே உண்டு. எந்த இழைக்கு மேல் எந்த வண்ணம் என்பது தாலீம் என்கிற குறியெழுத்தில் சீட்டாக எழுதப்பட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் கை நகரும். ஒரு நாளில் ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிய விசயம். ஒரு சால்வை முடிய ஒரு வருசம் ஆகலாம், கூடவும் ஆகலாம். இந்தத் தாலீம் சீட்டைப் படிக்கத் தெரிந்தவரைப் ‘படிப்பறிவில்லாத கைவினைஞர்’ என்று அரசாங்கக் கணக்கு எழுதும். ஓர் எழுத்துமுறையையே கையில் வைத்திருக்கிறவன் எழுத்தறிவற்றவனாம்!

சரி, இந்தக் கலையின் வரலாறு என்று புத்தகங்கள் என்ன சொல்கின்றன? 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த ஷா ஹமதான் என்கிற சூஃபியும் அவருடன் வந்தவர்களும் கைத்தொழில்களைக் கொண்டுவந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் ஆதரித்து வளர்த்தார். பிறகு முகலாயர்கள் மெச்சினார்கள். பிறகு நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் விரும்பி அணிந்தார், பிரான்சே பைத்தியமானது. மகான் கொடுத்தார், மன்னன் வளர்த்தான், மகாராணி உடுத்தினாள் என்று முடிந்துபோகிறது கதை. இதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெய்தவன் எங்கே? அவன் என்ன தின்றான்?

அதற்கும் ஆவணம் இருக்கிறது. 1846 மார்ச் 16 அன்று அமிர்தசரசில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கும்பினிக்காரன் காஷ்மீரை மக்களோடு சேர்த்து 75 லட்சம் ரூபாய்க்கு ஜம்முவின் குலாப் சிங்குக்கு விற்றான். ஆட்சியை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக வருசாவருசம் பிரிட்டிஷாருக்கு ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள் (6 கிடா, 6 பெட்டை), 3 ஜோடி காஷ்மீர் சால்வைகள் தர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. நாடு கைமாறுகிற பத்திரத்திலேயே ஆட்டோடு ஆடாகச் சால்வையும் எழுதப்பட்டிருக்கிறது. நெய்கிறவன் அதில் எழுதப்படவில்லை, ஆனால் அவனும்தான் விற்கப்பட்டான்.

டோக்ரா மன்னர்கள் வந்ததும் புதிதாகக் கொடுமை முளைத்தது என்று எழுதினால் அது பொய். ஆப்கானியர் காலத்திலேயே சால்வைக்கு முத்திரை குத்தி வரி வாங்கும் ஏற்பாடு உண்டு. முத்திரைக்கு ‘தாக்’ என்று பெயர், வரித்துறைக்கே தாக்-ஷால் என்று பெயர். டோக்ரா ஆட்சி அதை இறுக்கியது. ஒரு நெசவாளி மாதம் 7 அல்லது 8 ரூபாய் சம்பாதித்தால் அதில் 5 ரூபாய் வரிக்குப் போனதாக எழுதி வைத்திருக்கிறார்கள். மீதி இரண்டு மூன்று ரூபாயில் குடும்பம். ‘இந்த வேலையே வேணாம், விட்டுடறேன்’ என்று சொல்லவும் முடியாது. காரகான்தார் என்கிற பட்டறை முதலாளியிடம் பட்ட கடன் ஒருபக்கம், தறியை விட்டு ஆள் போனால் வரி குறையும் என்று அதிகாரி மறுபக்கம். பள்ளத்தாக்கை விட்டு வெளியே போக வேண்டுமானால் ராஹ்தாரி என்கிற அனுமதிச்சீட்டு வேண்டும். அதையும் மீறி மலைக்கணவாய்களில் தப்பியோடியவர்கள்தான் அமிர்தசரஸ், லூதியானா, நூர்பூர் போன்ற ஊர்களில் காஷ்மீரி நெசவாளர் குடியிருப்புகளானார்கள்.

தோழர்களே, இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். நெய்தாக வேண்டும், வேறு வேலைக்குப் போகக் கூடாது, ஊரை விட்டு ஓடவும் கூடாது. இதைக் கலை என்று சொல்வீர்களா? நம் பாட்டன்மாரைச் சேரிக்குள் வைத்துப் பூட்டிய அதே பூட்டுத்தான் இது. சாவி மட்டும் வேறு.

1865 ஏப்ரல் 29. ஸ்ரீநகரில் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். தாக்-ஷால் துறையின் பொறுப்பிலிருந்தவர் ராஜ் காக் தர். அவருக்குப் பாடை கட்டித் தூக்கிக்கொண்டு முழக்கமிட்டபடி ஜால்டகர் திடலில் கூடினார்கள். ஈட்டியும் துப்பாக்கியுமாகப் படை சுற்றி வளைத்தது. சிதறி ஓடியவர்கள் ஹாஜி ராதர் பாலத்தில் நெரிபட்டு கால்வாயில் விழுந்தார்கள். 28 பேராவது செத்தார்கள். முன்னின்று நடத்தியவர்களைப் பிடித்து வதைத்தார்கள், சிறையில் போட்டார்கள். சிகாகோவுக்கு 21 வருசம் முந்தியது இது. மே தினக் கூட்டங்களில் சிகாகோவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நமக்கு, இந்த மண்ணிலேயே நடந்த ஜால்டகரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செத்த நெசவாளி முஸ்லிம். வரி வாங்கிய அதிகாரி பண்டிட், மன்னன் இந்து. அதனால் இதை மதச் சண்டையாக மட்டும் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் நெசவாளியைக் கடனில் அமுக்கி வைத்திருந்த காரகான்தார்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான். தொழுகையில் தோளோடு தோள் நின்றவர்கள்தான் பட்டறையில் ஒருவன் தோளில் ஒருவன் ஏறி உட்கார்ந்தார்கள்.

அந்தத் தொழில் எப்படி வீழ்ந்தது என்பதும் வேடிக்கையானது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் 1870இல் சண்டை மூண்டது. பாரிசில் சால்வை வாங்க ஆளில்லை. எங்கோ ஐரோப்பாவில் ஒரு போர், ஸ்ரீநகரில் அடுப்பு அணைந்தது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்கிற ஊரில் அதே கோலத்தை மலிவாக நெய்துதள்ள ஏற்கனவே கற்றுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊரில் மாங்காய் என்று சொல்கிற அந்த உருவுக்கு இன்றைக்கு உலகம் பூராவும் பெய்ஸ்லி என்றுதான் பெயர். போலி செய்தவன் ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னாலேயே 1877–79 பஞ்சம் வந்தது, மிச்சமிருந்த நெசவாளர்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டுபோனது. தப்பியவர்களைக் கம்பளத் தறிகளில் உட்கார வைக்க வெள்ளைக்கார முதலாளிகள் வந்தார்கள். கம்பளத்துக்குச் சின்ன விரல்தான் தோது என்று குழந்தைகளை உட்கார வைத்த கதை, அது தனிக்கதை.

இவ்வளவும் கலை என்று ஒப்புக்கொள்ளப்பட்ட தொழிலின் நிலைமை. கலை என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத கைவேலை ஒன்று அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

காஷ்மீரில் வாட்டல் என்றொரு சாதி. முஸ்லிம்கள்தான். முஸ்லிமுக்குள் ஏது சாதி என்று கேட்காதீர்கள், கிறிஸ்தவத்துக்குள் ஏது சாதி என்று நம்மிடம் கேட்பவர்களும் உண்டு. வால்டர் லாரன்ஸ் என்கிற வெள்ளை அதிகாரி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு பற்றி 1895இல் வெளியிட்ட புத்தகத்தில் இவர்களைக் குறித்திருக்கிறார். தோலும் வைக்கோலும் கொண்டு முறம் செய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள். செத்த மாட்டைத் தின்கிறவர்களை மசூதிக்குள் விடமாட்டார்கள், தின்பதை விட்டவர்களைத்தான் முஸ்லிமாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அதில் வருகிறது. எங்கேயோ கேட்ட கதையாக இல்லை? இன்றைக்கும் வாட்டல் என்பது காஷ்மீரியில் ஒரு வசவுச்சொல். நம்ம ஊரில் எந்தெந்தச் சாதிப் பெயர்கள் வசவாகப் புழங்குகின்றன என்று நான் பட்டியல் போட வேண்டியதில்லை. அந்தப் பெயரின் பாரம் தாங்காமல் பலர் ஷேக் என்று மாற்றிக்கொண்டார்கள். மாற்றிக்கொண்டதும் ஊர் என்ன செய்யும்? புதுப் பெயரையும் கண்டுபிடித்துவிடும்.

ஷுப் என்றால் காஷ்மீரியில் முறம். நெல் விளைகிற பள்ளத்தாக்கு அது. முறம் இல்லாமல் ஒரு வீட்டில் ஒருவேளைச் சோறு பொங்க முடியாது. சால்வை இல்லாமல் எத்தனை தலைமுறையும் வாழ்ந்துவிடலாம். ஆனால் சால்வைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கானி, சோஸ்னி தையல், வால்நட் மரச்செதுக்கு, காகிதக்கூழ் வேலை எல்லாம் குறியீடு வாங்கிவிட்டன. 2021இல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினைக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் உலகக் கைவினை நகரம் என்கிற பட்டமும் வந்தது. நல்லதுதான், எனக்கு அதில் காய்ச்சல் இல்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் முறத்துக்கு இடமில்லை. விரலும் நாரும் கணக்கும் சேர்ந்த வேலைதான் இரண்டும். ஒன்று கலை, மற்றது சாதி. அழகை வைத்துப் பிரித்ததல்ல இது, செய்கிறவனின் பிறப்பை வைத்துப் பிரித்தது. வேலையை மட்டுமா பிரிக்கிறது, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகக் கூறுபோடுகிறதே என்று அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு நூலில் வைத்த வாதத்துக்கு இமயமலையில் ஓர் அத்தாட்சி.

சட்டம் என்ன செய்தது? ஜம்மு காஷ்மீருக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1956இல் வந்தது. 13 சாதிகள். அதில் வாட்டல் பெயர் இருக்கிறது. ஆனால் இந்து, சீக்கியர், பின்னால் 1990இல் பௌத்தர் ஆகியோர் மட்டுமே பட்டியல் சாதியாக இருக்க முடியும் என்பது விதி. பள்ளத்தாக்கின் வாட்டல்களோ முஸ்லிம்கள். பட்டியலில் பெயர் உண்டு, ஆனால் ஆள் உள்ளே போக முடியாது. மாநிலத்தின் பின்தங்கிய சமூகங்களின் பட்டியலில் ஷுப்ரி வாட்டல் என்று, அதாவது ‘முறக்கார வாட்டல்’ என்று, சேர்த்துவைத்திருக்கிறார்கள். தலித் கிறிஸ்தவத் தோழர்களுக்கு இந்தக் கதவு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி தரலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதே கேள்விக்கு இன்னோர் ஆணையம் போட்டார்கள். நாம் இங்கே கிறிஸ்தவர்களுக்காகப் பேசுகிறபோது வாட்டலின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஜம்முப் பக்கம் இன்னொரு கொடுமை. 1957இல் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது பஞ்சாபிலிருந்து வால்மீகி குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள். குடியிருக்கலாம், ஆனால் அரசு வேலை என்றால் துடைப்பம் மட்டும்தான் என்று நிபந்தனை. பட்டம் படித்த பிள்ளைக்கும் துடைப்பம்தான். 2019இல் 370ஐ நீக்கியபோது டெல்லிக்காரர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டினார்கள். அந்த நிபந்தனை ஒழிந்தது சரி. அதற்காக ஒரு மாநிலத்தையே உடைத்து, மாதக்கணக்கில் தொலைபேசியையும் இணையத்தையும் பிடுங்கி, ஆர்டரே வாங்க முடியாமல் கைவினைஞர்களை உட்கார வைத்ததையும் சேர்த்து நாம் கைதட்ட வேண்டுமா? நம் பெயரைச் சொல்லி அடுத்தவன் கழுத்தில் கைவைக்கிறவனிடம் நாம் உசாராக இருக்க வேண்டும். போகிறபோக்கில் ஒன்று: ஆடு இருக்கிற லடாக்கும் தறி இருக்கிற ஸ்ரீநகரும் அந்த வருசம்தான் இருவேறு ஒன்றியப் பகுதிகளாயின.

இனி நமக்குள் பேச வேண்டியது. 1990களில் பறை பற்றி நமக்குள் நடந்த சண்டை ஞாபகமிருக்கும். பறை நம் கலை, நம் ஆயுதம், மேடையேற்றி அடிப்போம் என்றது ஒருபக்கம். சாவுக்கு அடிக்க வைத்துத்தானே நம்மை இழிவுபடுத்தினான், அதைக் கீழே போடுவதுதான் விடுதலை என்றது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கோபம் உண்மையானது. காஷ்மீர்ச் சங்கதியைப் படித்தபிறகு எனக்குப் படுவது இதுதான்: அடிப்பதா போடுவதா என்பதைத் தீர்மானிக்கிற உரிமை அடிக்கிறவனிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1865இல் ஷால்பாஃபுக்கு அந்த உரிமை இல்லை. 1957இன் வால்மீகிக்கும் இல்லை. மாமல்லபுரத்துப் பையனின் தங்கை அதை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

‘ஐயோ, பாரம்பரியம் அழியுதே’ என்று கண்ணீர் விடுகிறவர்கள் யாரென்று பாருங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் தட்டும். நம்ம பிள்ளை மட்டும் குலத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும். ராஜாஜி 1953இல் அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததும் இந்தக் கரிசனத்தில்தான். மறு வருசமே அதை விரட்டியடித்தோம். 2023இல் பிரதமர் பெயரில் விஸ்வகர்மா திட்டம் என்று 13,000 கோடியில் வந்தது. 18 தொழில்கள், கருவி வாங்க 15,000, அப்புறம் கடன். குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு என்பது அதன் பேச்சு. கருவிக்குப் பணம் கொடுக்கிறதை நான் குறை சொல்லமாட்டேன், கஷ்டப்படுகிறவன் வாங்கிக்கொள்ளட்டும். குடும்பத்தை எதற்கு இழுக்கிறாய் என்பதுதான் என் கேள்வி. செருப்புத் தைக்கிறவன் மகன் கம்பளம் நெய்யக் கற்கக் கூடாதா? சையது வீட்டுப் பிள்ளை முறம் பின்னக் கூடாதா? அதற்கு எந்தத் திட்டமும் பணம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

அப்படியானால் தொழிலே ஒழியட்டும் என்கிறாயா என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கும் இடிக்கிறது. ராட்டை நின்றால் யாருக்கு லாபம்? பஷ்மினாவோடு நைலான் இழையைக் கலந்து மிசினில் நூற்று, அப்புறம் ரசாயனத்தில் நைலானைக் கரைத்துவிட்டு, விசைத்தறியில் ஓட்டி ‘கைவேலை’ என்று சீட்டு ஒட்டி விற்கிற வியாபாரிக்குத்தான். ஸ்ரீநகர்ச் சந்துகளில் புருசனை இழந்தவள், வெளியே வேலைக்குப் போக முடியாதவள், வீட்டுக்குள்ளிருந்தபடி சம்பாதிக்கிற ஒரே காசும் போய்விடும். கை நூற்பும் கைத்தறியும் 16 மைக்ரானுக்கு மிகாத இழையும் இருந்தால்தான் குறியீட்டு முத்திரை என்று விதி வைத்திருக்கிறார்கள். பரிசோதித்து முத்திரை ஒட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தாக் முத்திரை வரி பிடுங்க, இன்றைய முத்திரை விலை ஏற்ற. ஏறிய விலையில் நூற்றவளுக்கு எவ்வளவு போனது என்று அந்த முத்திரையில் ஒரு வரி கிடையாது. அந்த வரியைப் போடு என்று கேட்பதுதான் முதல் வேலை. முடிச்சுக் கணக்கை ஒழித்து மணிக்கணக்குக் கூலி வேண்டும். நூற்கிறவளைக் கைவினைஞர் என்று பதிந்து, அட்டையும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். முறம் பின்னுகிறவனுக்கும் அதே அட்டை, அதே மரியாதை. அவன் மகளுக்குக் கல்லூரி. இதெல்லாம் கிடைத்தபின் எவளாவது விரும்பி ராட்டையில் உட்கார்ந்தால் உட்காரட்டும், யாரும் உட்காராவிட்டால் சால்வை இல்லாமல் உலகம் இருக்கட்டும்.

கேள்வி கேட்ட தோழரிடம் இதை வாசித்துக் காட்டினேன். சால்வையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘அந்த முறத்துக்கு ஓரத்துல தோல் வச்சுத் தைப்பாங்களா தோழர்? எங்க அப்பத்தா ஊர்ல சாணி மெழுகுவாங்க’ என்றார். அதற்கப்புறம் அரைமணி நேரம் நாங்கள் முறத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.